வாய்க்காலில் போன பேர்

அப்பிராணிப்பட்டிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எப்போதும் ஊருக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு ஊருக்கு வரும் வழி எதற்கு? ஒரே ஒரு தடவை, பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போக எல்லாரும் சேர்ந்து பஸ் ஏறினார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார் கண்டக்டர். பின்வாசலில் ஏறியவர்கள் அவர் சொன்னபடியே உள்ளே போய்க்கொண்டே இருந்து, முன்வாசல் வழியாக இறங்கி, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். திருவிழா எப்படி இருந்தது என்று வீட்டிலிருந்தவர்கள் கேட்டபோது, "கூட்டமே இல்ல, சீக்கிரம் முடிஞ்சிருச்சு" என்று சொன்னார்கள்.

அந்த ஊரில் சாத்தையாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே அவன் அதற்கு ஒரு பேரும் கண்டுபிடித்துவிட்டான். மூக்காயி.

சும்மா கண்டுபிடிக்கவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். பிள்ளை விக்கிக்கொண்டே இருந்தது. மூக்காயி என்றான். விக்கல் நின்றது. வாசலில் நின்று சொன்னான், நன்றாக இருந்தது. தெருமுனையில் நின்று சொன்னான், இன்னும் நன்றாக இருந்தது. கண்மாய்க் கரையில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "மூக்காயீ" என்று ஒரு குரல் விட்டான். பேர் தண்ணீருக்கு மேலே நேராகப் போய், அக்கரைப் பனைமரங்களில் மோதி, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது.

"பேருன்னா இப்படி இருக்கணும் பொன்னழகு" என்றான் பெண்டாட்டியிடம். "போனா திரும்பி வரணும்."

"உங்கள மாதிரி இல்லாம" என்றாள் பொன்னழகு. சந்தைக்குப் போன சாத்தையா இரண்டு நாள் கழித்து வேறொரு சந்தையிலிருந்து வந்தவன். அவளுக்குப் பேர் எதுவானாலும் சரி. எந்தப் பேர் வைத்தாலும் ராத்திரி எழுந்து பால் கொடுக்கப் போவது அவள்தான்.

ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்காயி என்று கேட்ட ஆளெல்லாம் முதலில் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள், அப்புறம் சிரித்தார்கள். ஊர் சிரித்தால்கூடப் பரவாயில்லை. சாத்தையாவின் அக்கா இருளாயி சிரிக்கவில்லை. அதுதான் சிக்கல்.

அந்தப் பக்கத்து வழக்கம் என்னவென்றால், பிறந்த முப்பதாம் நாள் பிள்ளையின் வலது காதில் அத்தைதான் பேர் சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் மூன்று தடவை. அத்தை வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் பேர். அப்பன் ஆயிரம் பேர் ஆசைப்பட்டாலும் அத்தை வாய் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. இருளாயியோ, "அந்தப் பேரு என் வாயில நுழையாது" என்று சொல்லிவிட்டாள்.

"ஏங்க்கா?"

"இருளாயின்னு ஒரு பேர வச்சிக்கிட்டு நாப்பத்தஞ்சு வருசமா நான் படுற பாடு போதாதாடா? நான் எந்த வீட்டுக்குள்ள போனாலும் எந்திரிச்சு விளக்கப் பொருத்துறாக. பட்டப்பகல்ல."

இது உண்மை. அப்பிராணிப்பட்டியில் அவள் வருகிறாள் என்றால் தீப்பெட்டி தேடுவார்கள்.

அவளிடம் வேறு ஒரு பேர் இருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில், காணாமல் போன பிள்ளையைத் தேடி மைக்கில் சொன்னார்களாம். லக்ஷனிகாஸ்ரீ. கேட்டவுடன் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிள்ளை கிடைத்ததா என்று அவள் விசாரிக்கவில்லை. பேர் கிடைத்துவிட்டது. என்ன, திங்கட்கிழமை சொன்னபோது லஷ்கனிகா என்றாள், புதன்கிழமை லனிக்ஷாஸ்ரீ என்றாள், வெள்ளிக்கிழமை வேறொன்று.

"தினம் மாறுதேக்கா?" என்றான் சாத்தையா.

"புதுப் பேருன்னா அப்படித்தாண்டா. பழசுதான் ஒரே மாதிரி இருக்கும்."

விஷயம் பஞ்சாயத்துக்குப் போனது. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லாரும் கூடினார்கள். நடுவில் ஊரின் அம்பலம், அதாவது தலைவர், கூத்தையா. மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் போகும். அவருக்குப் பக்கத்தில் மலைச்சாமி. எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர். ஆகவே இருபத்துநாலாம் வகுப்பு வரை படித்தவர் என்பது ஊர்க் கணக்கு.

"பேர்ல என்ன குத்தம் கண்ட இருளாயி?" என்றார் கூத்தையா.

"பழசு. களிம்பு ஏறி, பாசி பிடிச்சுக் கெடக்கு. எங்க வீட்டு எருமைக்கே அந்தப் பேர வைக்க யோசிச்சோம்."

"எருமை என்ன சொல்லுச்சு?"

"அது ஒண்ணும் சொல்லல."

"குறிச்சுக்கங்க மலைச்சாமி. எருமை ஆட்சேபிக்கல."

மலைச்சாமி குறித்துக்கொண்டார். சாத்தையாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எருமையாவது தன் பக்கம் இருக்கிறதே.

"எருமைக்கு என்ன, அது பாட்டுக்குத் தண்ணியில கெடக்கும்" என்றாள் இருளாயி. "எனக்கு இந்தப் பேர் வாயில வராது. வேணுமின்னா அதை நல்லாக் கழுவித் தேய்ச்சு, புதுசு மாதிரி பளபளன்னு கொண்டாரச் சொல்லுங்க. அப்பச் சொல்றேன்."

அவள் அதை எகத்தாளமாகத்தான் சொன்னாள். ஆனால் கூட்டத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிதான வழி இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லையே.

"புளி போட்டுத் தேய்ச்சா எந்தக் களிம்பும் போகும்" என்றார் மலைச்சாமி.

"கொஞ்சம் சாம்பலும் சேத்துக்கலாம்" என்றார் கூத்தையா. பஞ்சாயத்து கலைந்தது.

முப்பதாம் நாள் காலை. ஒரு பக்கம் இருளாயி தம்பி வீட்டில் அடுப்பை மூட்டி விருந்து வேலையைத் தொடங்கினாள். இன்னொரு பக்கம் சாத்தையா, கூத்தையா, மலைச்சாமி மூவரும் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு பெரிய வாய்க்கால் படித்துறைக்குப் போனார்கள்.

"பேரக் கையில பிடிக்க முடியாது. வழுக்கும்" என்றார் மலைச்சாமி. "ஒரு சிலேட்டுல இறக்கி வச்சுக் கழுவுறதுதான் முறை." இறக்கி வைத்தார். பெரிய பெரிய எழுத்தாக, மூக்காயி.

சாத்தையாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தவுடன் பிடித்துப்போனது. எழுத்தெல்லாம் உருண்டு திரண்டு, மகள் ஜாடையிலேயே இருந்தது.

"மெல்லத் தேய்ங்கண்ணே. பச்சப்பிள்ள பேரு."

மெல்லத்தான் தேய்த்தார்கள். புளி, சாம்பல், மறுபடி புளி. பிறகு கூத்தையா சிலேட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

சிலேட்டு பளபளவென்று இருந்தது. பேர்தான் இல்லை.

"அழுக்குப் போச்சு" என்றார் கூத்தையா.

"அழுக்கோட பேரும் போச்சு" என்றார் மலைச்சாமி.

"அப்ப பேர் மொத்தமும் அழுக்குதானா?"

இதற்கு இருபத்துநாலாம் வகுப்பு வரையிலும் பதில் இல்லை. சாத்தையா படியில் உட்கார்ந்துவிட்டான். மகளைக் கூப்பிட வாயைத் திறந்தான். போன பேரை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் பேர் வராவிட்டால் அக்கா அந்த மண்டபத்துப் பேரைச் சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவன் மகளை அவனால் கூப்பிட முடியாது, செவ்வாய்க்கிழமை ஒன்று வியாழக்கிழமை ஒன்று என்று தடுமாறிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அழாதடா" என்றார் கூத்தையா. "இப்பத்தான போச்சு. ஓடினாப் பிடிச்சிரலாம். ஒரு பேரு தண்ணியில என்ன வேகத்துல போகும்னு மட்டும் தெரியணும்."

"இன்னொரு பேர விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார் மலைச்சாமி.

"என் பேர எழுது."

எழுதினார்கள். முக்கினார்கள். மூன்று பேரும் தண்ணீருக்கு மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பாத்தீகளா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள" என்றார் மலைச்சாமி. "நல்ல வேகம் கூத்..." பாதியில் நிறுத்திவிட்டார். "அம்பலம், உங்க பேரும் போயிருச்சு."

அம்பலம் மீசையைத் தடவிப் பார்த்தார். மீசை இருந்தது. "போகட்டும்" என்றார் கம்பீரமாக. "பிள்ளைக்காகத்தான போச்சு." இந்த இடத்திலிருந்து கதையிலும் அவரை அம்பலம் என்றே சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை.

கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சாத்தையா கையில் சல்லடை, மலைச்சாமி கையில் மீன் பிடிக்கிற கூடை, அம்பலம் தோளில் கொசுவலை. பேர் மிதக்குமா, முங்குமா என்று ஓடிக்கொண்டே ஒரு தர்க்கம். பிள்ளை பேர் கனமானது, அடியில்தான் போகும் என்றார் மலைச்சாமி. புளி போட்டுத் தேய்த்ததில் கனம் குறைந்திருக்கும் என்றார் அம்பலம். சாத்தையா இரண்டு பேருக்கும் நடுவில் சல்லடையால் தண்ணீரை அரித்துக்கொண்டே போனான்.

கரையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை நிறுத்தினார். "என்னப்பா தேடுறீக?"

"ஒரு பேரு. இந்தப் பக்கமா வந்துச்சா?"

"என்ன பேரு?"

"அது தெரிஞ்சா நாங்க ஏன் தேடுறோம்?" என்றார் மலைச்சாமி.

வாழைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். அது நியாயமாகத்தான் பட்டது. "மொத மடையில பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, மடையைத் திருப்பி விடப் போய்விட்டார்.

மடையில் இரண்டு செருப்பும் ஒரு தவளையும் கிடைத்தன. தவளையைச் சாத்தையா கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று விட்டுவிட்டான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கல்லுப்பாலம் வந்தது. பாலத்தடியில் ஒரு பணியாரக் கடை. கல்லில் எண்ணெய் சுடச்சுடப் பணியாரம் வெந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டி வந்த ஒருவர் பாலத்தின் மேலிருந்தே குரல் கொடுத்தார்: "ஏ மூக்காயி, நாலு பணியாரம் கட்டு."

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். சாத்தையாவின் கையிலிருந்து சல்லடை விழுந்தது. வாய்க்காலில் தேடிய பேர், வெயிலில் காய்ந்து, அவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்தது.

"அம்மா" என்றான், கடைக்காரியிடம் போய். "அந்தப் பேரு எங்க பிள்ளையோடது."

"எந்தப் பேரு?"

"இப்ப அவர் சொன்னது."

"அது எம் பேருப்பா. அம்பத்திரண்டு வருசமா எம் பேரு."

மலைச்சாமி முன்னால் வந்தார். "காலையில எட்டு மணிக்குத்தான தண்ணியில விட்டோம். அதுக்குள்ள அம்பத்திரண்டு வருசமா ஆயிருச்சு?"

"தண்ணி இழுப்பு அப்படி" என்றார் அம்பலம்.

கடைக்காரி மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள். கொசுவலையைப் பார்த்தாள். "எந்த ஊரு நீங்க?"

"அப்பிராணிப்பட்டி."

"அதானே" என்றாள். அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாத்தையாவைப் பார்த்தாள். "உனக்கு எதுக்குப்பா இந்தப் பேரு? ரேசன் கடையில இந்தப் பேரக் கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான். எம் மகன் கல்யாணப் பத்திரிகையில ஆத்தா பேர முழுசாப் போட வெக்கப்பட்டு, ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமா முடிச்சுட்டான்."

"திரும்பிப் பாத்துத்தான சிரிக்கிறாக?" என்றான் சாத்தையா. "அப்ப பேரு அவுக வரைக்கும் போயிருக்குல்ல? எனக்கு அது போதும்மா. சிரிக்கிறதெல்லாம் அவுக பாடு."

ஒரு குழிப் பணியாரம் கருகியது, அதைக்கூடக் கடைக்காரி கவனிக்கவில்லை. அம்பத்திரண்டு வருஷத்தில் அவள் பேரைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்தப் பேர் வேண்டும் என்று நாலு மைல் ஓடி வந்தவன் எவனும் இல்லை.

"நல்ல வேளை, வந்தீக" என்றாள். "காலையில என் படித்துறையிலதான் வந்து ஒதுங்குச்சு. எடுத்து வச்சிருக்கேன்." கல்லிலிருந்து இருப்பதிலேயே நன்றாக வெந்த வெல்லப் பணியாரம் ஒன்றை எடுத்து, தேக்கிலையில் வைத்து, வாழைநாரால் கட்டினாள். "இதுக்குள்ள கட்டியிருக்கேன். வழியில பிரிக்காதீக. பேர் சொல்ற ஆள் கையில நேராக் குடுங்க."

"உங்களுக்குப் பேரு?" என்றான் சாத்தையா, பொட்டலத்தை வாங்காமல்.

"எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒண்ணக் குடுத்தாலும் ஒண்ணு கையில இருக்கு."

அம்பலம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "என்னோடது ஒண்ணும் ஒதுங்கிச்சாம்மா?"

"என்ன பேரு?"

"அதான் தெரியல."

"அப்படி ஒண்ணும் வரலையே" என்றாள் அவள் வருத்தமாக. அம்பலம் தலையை ஆட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் மெல்ல நடந்தார்கள். வேகமாக நடந்தால் பேர் குலுங்கிவிடும். சாத்தையா பொட்டலத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தான். நூறு அடிக்கு ஒரு தடவை மலைச்சாமி அதில் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் இருக்கா?"

"சத்தம் இல்ல. சூடு இருக்கு."

"அப்ப உசுரோட இருக்கு" என்றார் அம்பலம்.

அவர்கள் ஊருக்குள் நுழைந்தபோது சூரியன் அக்கரைப் பனைமரங்களின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. இருளாயி காலையிலிருந்து நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, அவளுக்கு ஒரு வாய் காப்பி தர ஆளில்லாமல், தூணோடு தூணாகச் சாய்ந்திருந்தாள். அவள் வந்திருந்ததால் பகலிலேயே ஆறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, இந்தா" என்று சாத்தையா பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தான். "கழுவித் தேய்ச்சுக் கொண்டாந்துட்டோம்."

அப்போதே மலைச்சாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பேரைக் காதில் போடும்போது தலைப்பக்கம் முதலில் போகணுமா, வால்பக்கமா? அம்பலம் தலைப்பக்கம் என்றார். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது எது முதலில் வரும் என்று யாரோ கேட்டார்கள். ஆனால் அது வருவது, இது போவது என்றார் மலைச்சாமி. இந்த வாதம் நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தபோது சாத்தையா தற்செயலாகத் திரும்பினான். இருளாயி தேக்கிலையை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேரு எங்க?"

"எந்தப் பேரு? பணியாரமுல்ல இருந்துச்சு. வெல்லம் தூக்கலா, ஏலக்கா போட்டு. எந்தக் கடைடா?"

ஆறு விளக்கும் எரிகிற சத்தம் கேட்டது.

"பேரத் தின்னுட்டா" என்றார் அம்பலம்.

சாத்தையா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மலைச்சாமிதான் முதலில் சமாளித்தார். "பதறக்கூடாது. உள்ள போன எதுவும் வெளிய வந்துதான் ஆகணும். காலையில வரைக்கும் காத்திருந்தா..."

ஊர் அதை ஒரு கணம் யோசித்துப் பார்த்தது.

"அப்படி வர்ற பேர யாரும் வைக்க மாட்டாக" என்றாள் பொன்னழகு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு.

"அதுவும் சரிதான்" என்றார் மலைச்சாமி. "அப்ப போன வழியிலயே வரணும். வாய் வழியாத்தான். இருளாயி, பிள்ள காதுகிட்ட வாயத் தொறந்து வச்சுக்க. அதுவா வரும்."

இருளாயி வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். பிள்ளை அந்த வாய்க்குள் ஆர்வமாகப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. பனைமரக் கழுத்திலிருந்து சூரியன் இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"வரலடா" என்றாள் இருளாயி. "நான் அந்த லக்ஷனி... லஷ்னிகாவையே சொல்லிர்றேன். நேரம் ஆச்சு."

"அக்கா" என்றான் சாத்தையா. தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். "உனக்குக் கல்யாணமாகி அக்கரைக்குப் போனேல்ல. எனக்கு அப்ப அஞ்சு வயசு. நீ வண்டியில ஏறிப் போற வரைக்கும் என்கிட்ட யாரும் சொல்லல. நான் ஓடி வந்து கண்மாய்க் கரையில நின்னு பாக்குறேன், வண்டி அந்தக் கரையில போய்க்கிட்டிருக்கு. கத்தினேன். இருளாயீன்னு. நீ திரும்பிப் பாத்த. வண்டிய நிறுத்தி இறங்கிக் கையாட்டின. அன்னைக்கு உம் பேரு வேற எதுவாவது இருந்திருந்தா, பாதித் தண்ணியிலயே முங்கியிருக்கும்க்கா. நீ திரும்பியிருக்கவே மாட்ட. இவளும் ஒருநாள் எதாவது ஒரு கரைக்குப் போகத்தான போறா."

இருளாயி திறந்த வாயை மூடவில்லை. மூடினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. "ஒனக்கு அது ஞாபகம் இருக்காடா" என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அடிவயிற்றிலிருந்து, நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றில் விழுந்த பணியாரத்தின் மேலாக, நீளமான ஒரு ஏப்பம் கிளம்பியது.

"வருது, வருது" என்றார் அம்பலம்.

"இருங்க" என்று கத்தினார் மலைச்சாமி. "நம்ம ஊர்ல எதச் சொன்னாலும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுர்றதுதான வழக்கம். பிள்ளையும் இந்த ஊருதான. அந்தக் காத அடைங்க."

சாத்தையா பாய்ந்து போய் மகளின் இடது காதை உள்ளங்கையால் பொத்தினான். இருளாயி வலது காதில் குனிந்தாள். ஏப்பம் முன்னால் வந்தது, பேர் பின்னால் வந்தது.

"மூக்காயி. மூக்காயி. மூக்காயி."

சூரியன் விழுந்தது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. இருளாயி நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். "அவ்வளவு மோசமில்ல" என்றாள். "இனிப்பாத்தான் இருக்கு."

மூன்று தடவை பேர் சொன்னாயிற்று, ஒரு பிள்ளைக்கு ஒன்றுதானே வேண்டும், மிச்சம் இரண்டு என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். "அடுத்த பிள்ளைகளுக்கு இருக்கட்டும்" என்றாள் பொன்னழகு. சாத்தையாவுக்கு இப்போது மூன்று பெண்கள். மூன்று பேரும் மூக்காயி. ஒன்றைக் கூப்பிட்டால் மூன்றும் வரும் என்பதால் அவனுக்கு நிரம்ப வசதி.

இருளாயி ஆசை ஆசையாகக் கொண்டுவந்த பேரும் வீணாகவில்லை. பேரில்லாமல் இருந்த அம்பலத்துக்கு அதையே வைத்துவிட்டார்கள். "லக்ஷனிகாஸ்ரீ வர்றாக, வழி விடுங்க" என்றால் இப்போதும் அந்த மீசை ஊருக்குள் கம்பீரமாக நடந்து வரும்.

அன்று எல்லாம் முடிந்ததும், மகள் காதைப் பொத்தியபடியே சாத்தையா கேட்டான், "கைய எப்ப எடுக்கலாம்?"

"பேரு உறைஞ்சதும்" என்றார் மலைச்சாமி.

"எப்ப உறையும்?"

"பாலு ஒரு ராத்திரியில உறையும். பேரு பாலவிடக் கெட்டி."

எவ்வளவு கெட்டி என்று யாருக்கும் தெரியாததால் கையை யாரும் எடுக்கவில்லை. முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் சாத்தையா, மத்தியானம் மலைச்சாமி, சாயங்காலம் லக்ஷனிகாஸ்ரீ, ராத்திரிக்கு இருளாயி. பெரிய மூக்காயி தவழ்ந்தபோது கூடவே தவழ்ந்தார்கள். ஓடியபோது கூடவே ஓடினார்கள். ஊஞ்சலாடியபோதுதான் கொஞ்சம் சிரமம். இப்படி ஐந்து வருஷம்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். ஊரே கூடப் போனது. வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"குழந்தை காதுல என்ன?"

"கை" என்றான் சாத்தையா.

"யாரோட கை?"

"இப்ப என்னோடது. பன்னெண்டு மணிக்கு மேல இவரோடது."

டீச்சர் பேனாவை மூடினார். திறந்தார். கேள்வி கேட்டுப் பயனில்லை என்று தோன்றியதோ என்னவோ, குழந்தையின் பக்கம் குனிந்து சிரித்தார். "உம் பேர் என்னம்மா?"

இதை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பேரை எதற்குக் கேட்பார்கள்? அவள் நிமிர்ந்து நின்றாள். அப்பா கண்மாய்க் கரையில் நின்று எப்படிச் சொல்வாரோ அப்படியே, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே குரலில் சொன்னாள்.

"மூக்காயீ."

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பேர் வெளியே பாய்ந்து கண்மாய்ப் பக்கம் போய்விட்டது.

சாத்தையாவின் முகம் வெளுத்தது. ஐந்து வருஷம் பொத்தி வைத்த கை தானாகக் கீழே இறங்கியது.

"காத மட்டும் காவல் காத்தோம்" என்றார் மலைச்சாமி மெல்ல. "வாய விட்டுட்டோம்."

"நான் அன்னைக்கே வாய் வழியாத்தான விட்டேன்" என்றாள் இருளாயி. "ஒருத்தராவது யோசிச்சீகளா?"

லக்ஷனிகாஸ்ரீ மீசையை ஒதுக்கிக்கொண்டு முதல் ஆளாக முட்டி போட்டார். பின்னாலேயே ஊர் மொத்தமும். பெஞ்சுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சத்துணவுப் பானைக்குள். டீச்சர்கூடக் காலைத் தூக்கி நாற்காலிக்கு அடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அப்பா, என்ன தேடுறீக?" என்றாள் குழந்தை.

"உம் பேரத்தாண்டா கண்ணு. போயிருச்சு."

"எப்படி இருக்கும்?"

"உருண்டையா, சூடா, ஏலக்கா வாசமா இருக்கும்."

அவளும் குனிந்து பெஞ்சுக்கடியில் தலையை விட்டாள். எதுவும் தென்படவில்லை. ஜன்னலில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, தொலைந்துபோன பேரைக் கூப்பிட்டாள்.

"மூக்காயீ, எங்க இருக்க?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அக்கரைப் பனைமரங்களிலிருந்து, ஒரு கீறல் இல்லாமல், பதில் வந்தது.

"அக்கரையில இருக்கு" என்றாள் இருளாயி. "எங்க வீட்டுப் பக்கம்."

அடுத்த நிமிஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சரும் பதிவேடும் மட்டும்தான் இருந்தார்கள். கண்மாய்க் கரையில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. சல்லடையோடு சாத்தையா, கூடையோடு மலைச்சாமி, கொசுவலையோடு லக்ஷனிகாஸ்ரீ, தீப்பெட்டியோடு இன்னும் பத்துப் பேர். எல்லாருக்கும் முன்னால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு காதிலும் காற்று அடிக்க, தன் பேரைப் பிடிக்க மூக்காயி ஓடிக்கொண்டிருந்தாள்.